யாளி ஒன்று செய்தேன்: முதல் தடவை சுண்டெலி, இரண்டாம் தடவை எமன்

அடிவாரத்து டிஎம்:

வணக்கம் மக்களே. சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் எங்கள் வீட்டு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், பகடை உருட்டிக் கதையாக ஆடுகிற ஆட்டம். ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம்தான், புதியதற்கு இன்னும் மாறவில்லை. நான் டிஎம், அதாவது கதை சொல்லி ராட்சசர்களை ஆட்டுவிக்கிறவன். ஆடுபவர்கள் நாலு பேர், எல்லோரும் இப்போது மூன்றாம் லெவல்: ஒரு ஃபைட்டர் (சண்டைக்காரன்), ஒரு ரோக் (பதுங்கி அடிப்பவன்), ஒரு கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி), ஒரு விசார்ட் (மந்திரவாதி). விசார்ட் ஆடுவது என் அக்கா பையன், ப்ளஸ் ஒன் படிக்கிறான். இந்தக் கதையில் அவன்தான் பாதிக்கப்பட்டவன், அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கதை நடக்கும் இடம் ஏற்காடு மாதிரி ஒரு மலை. பெயரை மாற்றிவிட்டேன், ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு, காபித் தோட்டம், ஏரி, சாயங்காலமானால் ஏறி வரும் பனி எல்லாம் அப்படியே. புத்தகத்தில் உள்ள ஜந்துக்களை இவர்கள் கரைத்துக் குடித்திருக்கிறார்கள், ட்ரோல் (நெருப்பு பட்டால் காயம் ஆறாத ராட்சசன்) என்று நான் வாயைத் திறந்தாலே நெருப்பைத் தேடுகிறார்கள், அதனால் யாரும் படிக்காத ஒன்றை நானே செய்யலாம் என்று பனிக்குள் வாழும் ஒரு யாளியை எழுதினேன். சிங்க உடம்பு, தும்பிக்கை, மூச்சு விட்டால் பனி. பனிக்குள் அதற்கு மட்டும் கண் தெரியும்.

முதல் யாளிக்கு 75 ஹெச்பி (உயிர்), ஏசி 14 (அடி படாமல் காக்கும் எண்), சுற்றுக்கு இரண்டு அடி, குறி தப்பாமல் இருக்க +5, ஒவ்வொன்றும் 2டி6+3 (ஆறு முகப் பகடை இரண்டு, அதோடு 3). மூன்று வாரமாக ஊர்க்காரர்கள் வாயால் பயமுறுத்தி, கால்தடம் காட்டி, பில்டப் கொடுத்து இறக்கினேன். அக்கா பையன் முதல் சுற்றிலேயே அந்தச் சிரிக்க வைக்கும் மந்திரத்தைப் போட்டான், யாளி சேவிங் த்ரோவில் (மந்திரத்திலிருந்து தப்பிக்கப் போடும் பகடை) 4 போட்டது, அவ்வளவுதான், மலையையே நடுங்க வைத்த யாளி தரையில் உருண்டு உருண்டு சிரித்துக்கொண்டே செத்தது. இரண்டு சுற்று. தட்டுவடை செட் வாங்கப் போனவன் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்கு ரோஷம். செத்தது குட்டி, தாய் யாளி இனிமேல்தான் வருகிறது என்று சொல்லி அடுத்த வாரம் 150 ஹெச்பி, ஏசி 16, மூன்று அடி, +7, ஒவ்வொன்றும் 2டி8+5 என்று ஏற்றிவிட்டேன். இரண்டாம் சுற்றில் அக்கா பையன் முதல் அடியிலேயே விழுந்தான். மீதி இரண்டு அடியையும் விழுந்து கிடந்தவன் மேலேயே போட்டேன். பக்கத்தில் நின்று அடித்தால் கிரிட்டிக்கல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு டெத் சேவ் (உயிர் பிழைக்கக் கிடைக்கும் வாய்ப்பு) போச்சு, ஆள் காலி. அவன் ஒன்றும் பேசவில்லை, நோட்டை மூடிவிட்டுக் கீழே போய் டிவி பார்த்தான். ராத்திரி அக்கா போன் போட்டு “பையனை என்னடா பண்ணினே, சாப்பிட மாட்டேங்கிறான்” என்கிறாள். அவளிடம் டெத் சேவை எப்படி விளக்குவது?

மற்ற மூன்று பேரும் ஓடிவிட்டார்கள். தாய் யாளி இன்னும் மலையில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு திரும்பப் போகிறார்களாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு யாளியை எப்படிச் செய்வது?


கணக்குப்பிள்ளை:

நீங்கள் எண்களைக் கொடுத்திருப்பதால் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். டிஎம் கைடில் ராட்சசன் செய்யும் அட்டவணை இருக்கிறது, பார்த்தீர்களா என்று தெரியவில்லை. ஹெச்பியை வைத்து ஒரு சிஆர் (ராட்சசன் எவ்வளவு கடினம் என்ற எண்), ஒரு சுற்றில் கொடுக்கும் அடியை வைத்து இன்னொரு சிஆர், இரண்டையும் கூட்டிப் பாதி. ஏசியோ அடிக்கும் போனஸோ அந்த வரிசையில் போட்டிருப்பதைவிட 2 கூடினால் சிஆரில் ஒரு படி ஏற்ற வேண்டும், குறைந்தால் ஒரு படி இறக்க வேண்டும்.

முதல் யாளி: 75 ஹெச்பி, அது சிஆர் 1 வரிசை (71 முதல் 85 வரை). ஒரு சுற்றுக்குச் சராசரி 20 அடி, அது சிஆர் 2, +5 என்பது அங்கே இருக்கும் +3ஐவிட 2 கூட, அதனால் 3. பாதி போட்டால் சிஆர் 2, கொன்றால் 450 எக்ஸ்பி (புள்ளி), சண்டையின் கடினத்தையும் அதை வைத்தே அளப்பார்கள். மூன்றாம் லெவல் ஆட்கள் நாலு பேருக்கு ஈஸி 300, மீடியம் 600. ஆக ஈஸிக்குக் கொஞ்சம் மேலே. மந்திரம் இல்லாவிட்டாலும் அது செத்துத்தான் இருக்கும்.

இரண்டாவது: 150 ஹெச்பி சிஆர் 6, சுற்றுக்கு 42 அடி, அதுவும் சிஆர் 6. 2300 எக்ஸ்பி. உங்கள் ஆட்களுக்கு டெட்லி 1600. டெட்லியைத் தாண்டி அடுத்த ஊருக்கே போய்விட்டீர்கள். மூன்றாம் லெவல் விசார்டுக்கு 17, 18 ஹெச்பிதான் இருக்கும், சராசரி 14 அடிக்கிற ஒன்று மூன்று தடவை அடித்தால் பையன் என்ன செய்வான்.

இன்னொன்று. யாளிக்கு இன்டெலிஜென்ஸ் (புத்தி) எவ்வளவு வைத்தீர்கள்? 2014 புத்தகத்தில் அந்தச் சிரிப்பு மந்திரத்தைக் கடைசி வரை படியுங்கள். இன்டெலிஜென்ஸ் 4 அல்லது அதற்குக் கீழே உள்ள ஜந்துவுக்கு அது ஏறாது. மிருகம் என்று 3 வைத்திருந்தால் அன்றைக்கு அது சிரித்தே இருக்காது.


அடிவாரத்து டிஎம்:

இன்டெலிஜென்ஸ் எழுதவே இல்லை சார்.


குகை வண்டிக்காரன்:

கணக்குப்பிள்ளை சொன்னது சரிதான், ஆனால் அந்த அட்டவணையை அப்படியே நம்பிவிடாதீர்கள். அவர்களே எழுதிய ஜந்துக்களே அதில் உட்காரவில்லை. அவுல்பேரை (ஆந்தைத் தலைக் கரடி) எடுத்துக்கொள்ளுங்கள், புத்தகத்தில் சிஆர் 3. ஹெச்பி 59. அட்டவணையில் சிஆர் 3க்கு 101இல் தொடங்குகிறது! 59 என்பது சிஆர் அரை. அடி 24, அதில் +7ஐச் சேர்த்தால் 4 வரும். பாதி போட்டால் இரண்டு சொச்சம். புத்தகத்து ஜந்துக்கள் பெரும்பாலும் உயிர் கம்மியாகவும் அடி பலமாகவும் இருக்கும், அதனால்தான் சண்டை சீக்கிரம் முடிகிறது. அட்டவணையை மட்டும் பார்த்துச் செய்தால் சப்பென்று அடித்துக்கொண்டு சாகாமல் கிடக்கிற ஒன்று கிடைக்கும், ஆடுகிறவர்கள் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

என் வழி வேறு. எங்கள் பக்கம் ஆடியில் குகை (சேலத்தில் எங்கள் பேட்டையின் பெயர்) மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கை பார்த்திருப்பீர்கள். வண்டியில் சிவனாக உட்கார்ந்திருப்பவர் காலையில் உங்களுக்கு மளிகை கட்டிக் கொடுத்த அதே ஆள்தான். வேஷம் போட்ட பிறகு யாரும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவதில்லை. அதைத்தான் செய்யச் சொல்கிறேன். அவுல்பேரை எடுங்கள், அலகு என்ற இடத்தில் தந்தம் என்று எழுதுங்கள், பெயரை யாளி என்று மாற்றுங்கள், ஒரே ஒரு புது வித்தை சேருங்கள், முடிந்தது. எண்ணெல்லாம் ஏற்கனவே பல்லாயிரம் மேசைகளில் அடிபட்டுத் தேறியது. உங்கள் ஆட்கள் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தாலும் வேஷத்துக்குள் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. காசும் வேண்டாம், அடிப்படை விதிகளையும் இந்த மாதிரி ஜந்துக்களையும் 2023 ஜனவரியிலேயே கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டுவிட்டார்கள், இறக்கிக்கொள்ளலாம்.

வேஷம் போடுவது கேவலம் என்று நினைக்காதீர்கள். அவுல்பேரே எங்கிருந்து வந்தது தெரியுமா? எழுபதுகளில் இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் கடையில் வாங்கிய ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மை. ஒரு பை நிறைய என்னவென்றே தெரியாத ஜந்துக்கள், அதில் ஒன்று அவுல்பேர், ஒன்று ரஸ்ட் மான்ஸ்டர், ஒன்று புலெட். நம் தேர்க்கடையில் பலூனுக்குப் பக்கத்தில் தொங்குமே, அந்த ரகம். இப்போது புரிகிறதா, ஆந்தைத் தலையைக் கரடி உடம்பில் ஒட்டியவன் செய்ததைத்தான் நம் சிற்பி சிங்கத்தில் தும்பிக்கையை ஒட்டிச் செய்திருக்கிறான், எத்தனையோ நூறு வருஷம் முன்னாடி.


சும்மா வந்தவன்:

100 ஹெச்பி வைங்க, செத்துடுற மாதிரி தெரிஞ்சா மனசுக்குள்ள 30 கூட்டிக்கோங்க. எல்லா டிஎம்மும் அதைத்தான் பண்றாங்க, யாரும் வெளிய சொல்றதில்ல.


கணக்குப்பிள்ளை:

நான் செய்வதில்லை.


எஸ்டேட் பூனை:

ஏற்காட்டில் ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறேன், ஆன்லைனில் ஆடுகிறவள் (கரண்ட் இருந்தால், நெட் இருந்தால், மழை இல்லாவிட்டால்). கணக்கு எனக்கு வராது, அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் பனியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீங்கள் பனியை ஒரு ஆயுதமாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள், யாளி மூச்சு விட்டது, முப்பது அடிக்குக் கண் தெரியாது, முடிந்தது. இங்கே பனி அப்படி வராது. பள்ளத்திலிருந்து மேலே ஏறி வரும். முதலில் தூரத்து சில்வர் ஓக் வரிசை போகும், அப்புறம் பக்கத்து வரிசை, அப்புறம் மிளகுக்கொடி சுற்றிய மரத்தின் அடி மட்டும் தெரியும், தலை இருக்காது. மழை பெய்யாது, ஆனால் இலையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காபிச் செடி மேல் விழுந்துகொண்டே இருக்கும். நாலு பக்கமும் யாரோ மெதுவாக நடப்பது மாதிரியே கேட்கும். அதில் நிஜமாகவே ஒன்று நடந்தால் உங்களுக்குத் தெரியாது. என் வீட்டு நாய் குரைத்தால் நான் பயப்படுவதில்லை. குரைத்துக்கொண்டிருந்தது சட்டென்று நிறுத்திவிட்டுத் திண்ணைக்கு அடியில் போய்ப் படுத்தால்தான் கதவைச் சாத்துவேன்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் பால் வாங்கி வரும்போது வளைவில் ஒரு புஸ் சத்தம், பஸ் பிரேக் காற்று விடுவது மாதிரி. பஸ் என்றே நினைத்து ஓரம் ஒதுங்கினேன். பஸ் வரவில்லை. பத்தடியில் பனிக்குள் நாலு வெள்ளைக் கால் மட்டும் நின்றது, முழங்காலுக்குக் கீழே காலுறை போட்ட மாதிரி. காட்டு மாடு. உடம்பு தெரியவே இல்லை, ஒரு டன்னுக்குப் பக்கம் எடை வருகிற உடம்பு, கால் மட்டும்தான். அது என்னைப் பார்த்ததா என்றுகூடத் தெரியாது. பால் சொம்பை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பாமல் பின்னோக்கியே நடந்து வந்தேன்.

உங்கள் யாளியும் முதலில் கால் மட்டும் வரட்டும். ஊர்க்காரர்கள் வாயால் மூன்று வாரம் பில்டப் கொடுத்தேன் என்கிறீர்கள், வாயால் சொன்னால் யாருக்குப் பயம் வரும்? நாய் நின்றது, சொட்டு நின்றது, பஸ் வந்தது, பஸ் இல்லை. அவ்வளவு போதும்.

இன்னொரு விஷயம், கோபமாக இல்லை, சும்மா. மலை உச்சிக் குகைக் கோயிலைக் கதைக்குள் கொண்டுவருகிற எண்ணம் இருந்தால் சேர்வராயனை ராட்சசன் ஆக்காதீர்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களிலிருந்து வந்து கும்பிடுகிற சாமி அது. அதே மாதிரி மலைவாசிகள் யாளிக்கு நரபலி கொடுத்தார்கள் என்றெல்லாம் எழுதாதீர்கள், அந்த ரகக் கதைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கரடி குகை என்றே ஒரு இடம் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.


தாரமங்கலம் வாசி:

யாளி என்றதும் ஓடி வந்தேன். எங்கள் ஊர்க் கைலாசநாதர் கோயிலுக்கு வந்திருக்கிறீர்களா? அங்கே வாய்க்குள் கல் உருண்டை வைத்த யாளி இருக்கிறது, விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. சின்ன வயதில் எல்லோரும் உருட்டியிருப்போம். ஆனால் உங்களுக்கு வேண்டியது அது இல்லை, வாலி தூண்.

ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை, இன்னொரு தூணில் ராமன் வில்லோடு. ராமன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் ராமன் தெரிய மாட்டான். சிற்பி விளையாட்டுக்குச் செய்யவில்லை. வாலிக்கு என்ன வரம்? எதிரே நின்று சண்டை போடுகிறவன் பலத்தில் பாதி அவனுக்கு வந்துவிடும். அப்படிப்பட்டவனை எப்படி அடிப்பது? எதிரே நிற்காமல். அவன் பார்க்க முடியாத இடத்திலிருந்து. ஒரு ராட்சசனின் ஸ்டேட் பிளாக்கும் (பலமெல்லாம் எழுதிய அட்டை) அவனைக் கொல்லும் வழியும் அந்த இரண்டு தூணுக்கு நடுவில் இருக்கிறது.

உங்கள் இரண்டு யாளியிலும் குறை ஹெச்பி இல்லை என்று நினைக்கிறேன். அதை அடிப்பதற்கு ஒரு வழியும் இல்லை, அதுதான் குறை. கத்தியால் குத்து, இன்னும் குத்து, சாகும் வரை குத்து. 75 ஆனாலும் 150 ஆனாலும் அதே வேலைதான். ட்ரோலுக்கு நெருப்பு என்று தெரிந்ததும் உங்கள் ஆட்கள் நெருப்பைத் தேடினார்கள் என்று சலித்துக்கொண்டீர்கள், எனக்கு அது நல்ல விஷயமாகப் படுகிறது. தேட ஒன்று இருக்கிறது அல்லவா.

அதனால் வாலி வரத்தை யாளிக்குக் கொடுங்கள். அதன் கண்ணில் படுகிறவன் அடித்தால் அடி பாதிதான் விழும், மீதிப் பாதி யாளியின் அடுத்த அடியில் கூடும். அது பார்க்காத இடத்திலிருந்து அடித்தால் முழு அடி. அப்புறம், இதுதான் முக்கியம், பனிக்குள் அதற்கு மட்டும் கண் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அழித்துவிடுங்கள். பனிக்குள் அதற்கும் தெரியாது, மோப்பம்தான். இப்போது என்ன ஆயிற்று? அது பயமுறுத்த விடுகிற பனியே இவர்கள் ஒளிந்துகொள்கிற இடமாகிவிட்டது. முதல் சுற்றில் பனியிலிருந்து வெளியே ஓடி வருவார்கள். விஷயம் புரிந்ததும் உள்ளே ஓடுவார்கள்.

அந்த வழியை அவர்கள் கண்டுபிடிக்க நாலு இடத்தில் துப்பு போட்டு வையுங்கள். நமக்கு வெளிச்சமாகத் தெரிவது மேசைக்கு அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது.


அடிவாரத்து டிஎம்:

தாரமங்கலத்தாரே, கோயிலுக்கு எத்தனை தடவை வந்திருப்பேன், அந்தத் தூணைக் காட்டி எல்லோரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், இப்படி யோசித்ததே இல்லை. இதை எடுத்துக்கொள்கிறேன். வண்டிக்காரரே, அவுல்பேர் உடம்பைத்தான் அடியில் வைக்கப் போகிறேன்.

80 ஹெச்பி, ஏசி 14, இரண்டு அடி, +6, ஒவ்வொன்றும் 2டி6+4. முன்னால் நின்று அடித்தால் பாதி. இன்டெலிஜென்ஸ் 3 (போட்டுவிட்டேன்). துப்பு: செத்துக் கிடக்கும் காட்டு மாடு, காயமெல்லாம் நெற்றியிலும் மார்பிலும் மட்டும். யாளியின் முதுகில் ஆழமாக இறங்கிய ஒரு பழைய அம்பு, முகத்தில் வெறும் கீறல். ஓடிப்போகும்போது மட்டும் தப்பித்த ஒரு தோட்டக் காவல்காரர். அப்புறம் பாழடைந்த மண்டபத்தில் ஒரு தூண், சிற்பத்தோடு. சரியா?


கணக்குப்பிள்ளை:

80 வேண்டாம். அடி பாதியாகிறது என்றால் இந்த லெவலில் ஹெச்பியை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். 160 ஆகிவிடும், திரும்பவும் சிஆர் 6 வரிசை. அக்கா மறுபடி போன் போடுவார்.

60 வையுங்கள். இரட்டித்தால் 120, சிஆர் 4. அடி 22, பறித்த பலம் கூடும்போது ஒரு சுற்றுக்கு 5க்கு மேல் சேராது என்று ஒரு வரம்பு போடுங்கள், 27 ஆகும், அதுவும் சிஆர் 4. 1100 எக்ஸ்பி. உங்கள் ஆட்களுக்கு ஹார்டு 900, டெட்லி 1600, நடுவில் உட்கார்கிறது. தந்திரம் புரிந்துவிட்டால் அதே யாளி வெறும் 60 ஹெச்பி, கணக்குப்படி சிஆர் 2க்கு இறங்கிவிடும். புரியாமல் போனால் 4, புரிந்தால் 2. எனக்கே இது பிடித்திருக்கிறது.

பனிக்குள் அடிக்கும்போது அட்வான்டேஜா (இரண்டு தடவை போட்டுப் பெரியதை எடுப்பது) என்று உங்கள் ரோக் கட்டாயம் கேட்பார். யாளிக்கு அவரைத் தெரியாது, அதனால் அட்வான்டேஜ். அவருக்கும் யாளியைத் தெரியாது, அதனால் டிஸ்அட்வான்டேஜ் (சிறியதை எடுப்பது). ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாதா ரோல். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நடுவில் வாதம் வந்தால் அரைமணி நேரம் போய்விடும்.

விழுந்தவன் மேல் அடிக்காதீர்கள். பசித்த மிருகம்கூட நிற்கிறவனைத்தான் முதலில் பார்க்கும்.


குகை வண்டிக்காரன்:

பனி மூச்சு எத்தனை சுற்றுக்கு ஒருமுறை? புத்தகத்தில் டி6 உருட்டி 5 அல்லது 6 விழுந்தால் திரும்ப வரும் என்று இருக்கும். நான் எங்கள் மேசையில் பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டையை வைத்து ஆடுகிறேன். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு பக்கம் வெறுமை. மொத்தம் பதினாறு விதமாக விழும். தாயம் இரண்டு விதம், ஐந்து இரண்டு விதம், ஆறு ஒன்று, பன்னிரண்டு ஒன்று. இந்த நாலும் விழுந்தால் மறு ஆட்டம் என்பது எல்லா வீட்டிலும் இருக்கிற விதிதானே? மொத்தம் பதினாறில் ஆறு. டி6இல் 5, 6 என்பது மூன்றில் ஒன்று, இது அதற்குக் கொஞ்சம் மேலே. கிட்டத்தட்ட ஒன்றேதான்! கட்டை சிமெண்டுத் தரையில் உருளும் சத்தத்துக்கு டி20 (இருபது முகப் பகடை) பக்கத்தில் வர முடியாது. எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள்.


அடிவாரத்து டிஎம்:

ஞாயிற்றுக்கிழமை ஆடி முடித்தாயிற்று. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பையன் வந்தான். செத்த விசார்டின் தாளை எடுத்துப் பெயரை மட்டும் அடித்துவிட்டு மேலே “அவன் தம்பி” என்று எழுதிக்கொண்டு வந்தான், மந்திரம் உட்பட ஒரு எண் மாறவில்லை. வண்டிக்காரரே, உங்கள் வேஷம் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது.

எஸ்டேட் பூனை சொன்னபடி நாயை நிறுத்தினேன், சொட்டை நிறுத்தினேன், புஸ் என்று வாயாலேயே சத்தம் போட்டேன். ஃபைட்டர் ஆடுகிறவன் நிஜமாகவே பின்னால் திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு நிமிஷமே இந்த மூன்று வாரப் பாட்டுக்குத் தகும்.

துப்பு நாலும் வீண். செத்த மாட்டைப் பார்த்து “தோல் எவ்வளவுக்கு விற்கும்” என்றார்கள். காவல்காரரைத் திருடன் என்று சந்தேகப்பட்டுக் கட்டிப்போட்டார்கள். அம்பைப் பார்த்து, ஏற்கனவே யாரோ முயற்சி செய்து தோற்றிருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். மண்டபத்துத் தூணுக்கு அடியில் புதையல் இருக்கும் என்று ஃபைட்டரும் கிளெரிக்கும் சேர்ந்து தூணைச் சாய்த்துவிட்டார்கள். சிற்பம் எப்படி இருக்கிறது என்று நான் விவரிக்க ஆரம்பித்தபோது ரோக் தட்டுவடை செட்டில் காரம் போதவில்லை என்று பேசிக்கொண்டிருந்தான்.

சண்டையில் முதல் இரண்டு சுற்றும் முன்னாலேயே நின்று அடித்தார்கள். அடி பாதி, யாளியின் அடி கூட. தம்பி விசார்ட் வழக்கம்போல் சிரிப்பு மந்திரம் போட்டான், ஏறவில்லை, ஏன் என்று கேட்டான், மிருகத்துக்குச் சிரிப்பு வராது என்றேன், முகம் தொங்கிப்போயிற்று. மூன்றாம் சுற்றில் தாயக்கட்டை போட்டேன், பன்னிரண்டு, பனி. ரோக் பயந்துபோய் பனிக்குள் ஓடி ஒளிந்து, ஒளிந்த இடத்திலிருந்து சத்தத்தை வைத்து ஒரு கத்தியை வீசினான், சும்மா வீசுவோம் என்று. முழு அடி விழுந்தது என்று சொன்னதும் மேசையே அமைதி. “ஏன் இப்போ பாதி ஆகல?” என்று கேட்டது அக்கா பையன்தான்.

அப்புறம் அவன் இன்னொன்று கேட்டான், அங்கேதான் எல்லாம் தலைகீழானது. “மாமா, இது தாரமங்கலத்து யாளி மாதிரியா? வாயில உருண்டை இருக்கா?” பள்ளிக்கூடத்தில் டூர் கூட்டிப் போயிருக்கிறார்கள். நான் உருண்டையைப் பற்றி யோசிக்கவே இல்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மேஜ் ஹேண்டை (மந்திரக் கை) விட்டு அதை உருட்டுகிறேன் என்றான். டி20 போடச் சொன்னேன், 18. வெளியே வராது, ஆனால் உருளும், உருளும் வரை அதற்கு மூச்சு விட முடியாது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மூச்சு நின்றால் பனியும் நிற்கும். பனி விலகியது. அப்போதுதான் கண்டுபிடித்திருந்த, ஒளிந்துகொள்கிற இடம் போய்விட்டது. கத்தியோடு பதுங்கியிருந்த ரோக் பட்டப்பகலில் நடுரோட்டில் நிற்பது போல் நின்றான், யாளி அவன் பக்கம் திரும்பியது, ஃபைட்டர் நடுவில் பாய்ந்து அடி வாங்கி விழுந்தான். விழுந்தவன் மேல் அடிக்கவில்லை கணக்குப்பிள்ளை, சத்தியமாக. கிளெரிக் எழுப்பிவிட்டான். ரோக்குக்கு ஒளிய ஒரே ஒரு இடம்தான் மிச்சம், அவர்கள் சாய்த்துப் போட்ட தூண். அதன் பின்னால் படுத்துக்கொண்டு ஒளிந்தேன் என்று சொல்லி டைஸ் போட்டான், யாளி பார்க்கவில்லை, வில்லை எடுத்தான். மீதி 9 ஹெச்பி. அவன் போட்டது 14.

ராமன் தூணுக்குப் பின்னாலிருந்து அம்பு விட்டான் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஆறு மணிக்கு அம்மா காபி போட்டுக்கொண்டு மேலே வந்தபோது நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன், கேட்டார்கள், ஒன்றும் இல்லை என்றேன்.

இப்போது புதுப் பிரச்சினை. யாளி செத்ததும் வாய் தளர்ந்து உருண்டை கழன்று விழுந்தது என்று அக்கா பையன் அவனாகவே சொல்லி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். தாளிலும் எழுதிவிட்டான், “யாளி உருண்டை 1”. அது என்ன செய்யும் என்று தினமும் வாட்ஸ்அப்பில் கேட்கிறான். மூன்றாம் லெவலுக்கு ஏற்ற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.


குகை வண்டிக்காரன்:

ஒரு நாளைக்கு ஒரு தடவை உருட்டினால் பனி. ஆனால் தாயக்கட்டை போட்டுத் தாயம் விழுந்தால்தான்.


எஸ்டேட் பூனை:

அவன் உருட்டும்போது ஊர் நாயெல்லாம் குரைப்பதை நிறுத்தட்டும்.